கால் கிலோ இயற்கை வெந்தயம்: ஒரு மாவுக்காரியின் கணக்கு

கோபிச்செட்டிபாளையத்தில் 11 வருடமாக வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். தினமும் 4 கிலோ அரிசிக்கு 1 கிலோ உளுந்து, 40 கிராம் வெந்தயம். சனி, ஞாயிறு வந்தால் இரண்டு மடங்கு. வருடத்துக்கு எத்தனை கிலோ வெந்தயம் என் கை வழியாகப் போகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவள் கால் கிலோ வெந்தயத்துக்கு 75 ரூபாய் கொடுத்துவிட்டு வந்து நின்றால் வீட்டில் என்ன நடக்கும்? எங்கள் அத்தை பாக்கெட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “ஏம்மிணி, இது கசக்காத வெந்தயமா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குப் பூராவும் எனக்கு அதே ரோசனைதான்.

வாங்கினது போன ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம். சத்தி ரோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு சின்ன இயற்கை அங்காடி. கடைப் பேர் வேண்டாம், பாக்கெட்டின் பேரும் வேண்டாம்; குறையும் சொல்லப் போகிறேன், அந்தக் கடைத் தம்பி நல்ல பையன். நாட்டுச்சர்க்கரை வாங்கப் போனவள், பாக்கெட்டின் மேல் போட்டிருந்த வரியைப் பார்த்துத்தான் நின்றேன். சமையலுக்கு, முளைகட்ட, தோட்டத்தில் விதைக்க, மூன்றுக்கும் ஆகும் என்று அச்சடித்திருந்தார்கள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. எந்த வெந்தயம் மூன்றுக்கும் ஆகாது? எங்கள் அம்மாயி அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கை அள்ளி வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் வீசுவார், கீரை வரும். பாக்கெட்டில் அச்சடித்துச் சொல்லுகிற விசயமா இது?

அப்புறம் யோசித்தால், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. விதைக் கடையில் விதைப்புக்கென்று விற்கும் விதைகளில் பலதுக்குப் பூஞ்சாண மருந்து தடவி, அடையாளத்துக்கு ரோஸ் கலரோ நீலமோ பூசியிருப்பார்கள். அதைத் தின்னக் கூடாது. தின்னவும் விதைக்கவும் ஒரே பாக்கெட் என்றால் மருந்து தடவாதது என்று அர்த்தம். மளிகைக் கடை வெந்தயத்திலும் அந்த மருந்து இருக்காது, ஆனால் அது எத்தனை வருடத்துச் சரக்கு, எந்த மூட்டையின் அடியில் கிடந்தது என்பது அண்ணாச்சிக்கே தெரியாது. சரி, பார்த்துவிடலாம் என்று வாங்கினேன்.

பாக்கெட்டின் பின்பக்கம் கோவையில் நிரப்பியது என்று இருந்தது. இயற்கை அங்காடி, கோவை முகவரி, எல்லாம் சேர்ந்து ஏதோ தாராபுரத்துப் பக்கம் விளைந்தது போல ஒரு நினைப்பு வருகிறது. தம்பியைக் கேட்டேன். “இல்லீங்க்கா, ராஜஸ்தான் சரக்குங்க. நம்ம பக்கம் யாருங்க்கா வெந்தயத்தை விதைக்கு விடறாங்க, கீரைக்குத்தான் போடறாங்க” என்றான். உண்மைதான். நம் நாட்டு வெந்தயத்தில் பெரும்பங்கு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத் பக்கமிருந்துதான் வருகிறது. பனிக்காலத்துப் பயிர் அது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2 என்று ரகம் விட்டிருக்கிறது, ஆனாலும் நம் ஊரில் அது கீரைக்காரர் பாத்தியோடு நின்றுவிட்டது. ராஜஸ்தான் என்று அவன் மறைக்காமல் சொன்னதற்கு ஒரு மார்க் போடலாம். பாக்கெட்டில் சின்ன எழுத்தில்கூட அதைப் போடாததற்கு அந்த மார்க்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

‘இயற்கை’ என்ற சொல்லை இப்போது யார் வேண்டுமானாலும் எழுதுகிறார்கள். நான் பார்ப்பது முத்திரையை. இந்தப் பாக்கெட்டில் ‘இந்தியா ஆர்கானிக்’ முத்திரையும் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையும் இருந்தன, சான்று எண்ணும் இருந்தது. 2017இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதிப்படி இப்படிப் பாக்கெட் போட்டு விற்கிறவர்கள் சான்று இல்லாமல் இயற்கை விளைபொருள் என்று சொல்லக் கூடாது. வருடப் பயிர் என்றால் நிலம் விதைப்புக்கு முன்னால் 2 வருடம் ரசாயனம் படாமல் மாறியிருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நம் மாநிலத்தில் இந்தச் சான்று கொடுக்கிற துறையின் அலுவலகம் கோயம்புத்தூரில் தடாகம் ரோட்டிலேயே இருக்கிறது. என் சித்தப்பா பையன் அவனுடைய மஞ்சள் காட்டுக்குச் சான்று வாங்க அலைந்த அலைச்சலைப் பார்த்தவள் நான். அதனால் முத்திரை இருக்கிற பாக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை என்றால் எனக்கு வயிறு எரிவதில்லை.

கல்லுக்குத்தான் எரிந்தது. பாக்கெட்டைப் பிரித்து முறத்தில் கொட்டிப் புடைத்தேன். மூன்று கல், இரண்டு மண்கட்டி, காம்புத் துணுக்கு ஒரு விரல்கடை. கால் கிலோவில்! இயற்கையாக விளைந்தது, இயந்திரத்தில் அதிகம் அடிபடாதது என்றெல்லாம் தம்பி சொன்னான். நல்லதுதான். ஆனால் சல்லடையில் சலிப்பது இயற்கைக்கு விரோதமா? என் கிரைண்டரில் ஒரு கல் போய் உட்கார்ந்தால் குழவி கொத்துகிறவருக்குக் கொடுக்கிற காசில் நான்கு பாக்கெட் வாங்கலாம். 75 ரூபாய்ச் சரக்கைப் புடைத்துத்தான் போட வேண்டும் என்றால் 30 ரூபாய்ச் சரக்குக்கும் இதுக்கும் முறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

மணி பார்வைக்குச் சிறியது. மளிகைக் கடை வெந்தயம் ஒரே அளவாக, வெளிர் மஞ்சளாக, மாப்பிள்ளை மாதிரி இருக்கும். இது கொஞ்சம் பழுப்பு, சிலது குண்டு, சிலது ஒடிசல். ஒன்றை எடுத்துக் கடித்தேன். கசப்பு நாக்கின் நுனியில் வராமல் தொண்டைக்குப் போய்த் திரும்பி வந்தது. அத்தையிடம் ஒன்றைக் கொடுத்தேன். “கசக்குது” என்றார். 75 ரூபாயில் 10 ரூபாய் அப்போதே திரும்ப வந்த மாதிரி இருந்தது எனக்கு.

இனி சமையல். மாவில் இருந்து தொடங்குகிறேன், அது என் தொழில். ஒரே நாளில் இரண்டு வாளி. ஒன்றில் மளிகைக் கடை வெந்தயம், இன்னொன்றில் இது. அரிசி, உளுந்து, தண்ணீர், உப்பு, ஆட்டின நேரம் எல்லாம் ஒன்று. வெந்தயத்தை ஊறவைத்துத் தனியாக முதலில் ஆட்டிவிட்டு அதன் மேல் உளுந்து போடுவது என் வழக்கம். நுரை பஞ்சு மாதிரி எழும்பும். வெந்தயத்தில் இருக்கிற அந்த வழுவழுப்புத்தான் மாவு புளிக்கும்போது வருகிற காற்றைப் பிடித்து வைக்கிறது. இட்லி மெத்தென்று வருவதில் அதற்கும் பங்கு உண்டு, தோசை பொன்னிறமாகச் சிவப்பதிலும் உண்டு. காலையில் இரண்டு வாளியும் ஒரே உயரத்துக்குப் பொங்கியிருந்தன. இட்லி ஊற்றினேன், ஒரு வித்தியாசமும் இல்லை. எந்த மாவில் எது என்று சொல்லாமல் ஒரு வாரம் விற்றேன். மாவு கொஞ்சம் புளித்தாலும் கண்டுபிடிக்கிற பக்கத்து வீதி டீச்சரம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை.

கணக்கு இதுதான். எனக்கு மாதம் சுமார் ஒன்றரைக் கிலோ வேண்டும். மளிகைக் கடையில் கிலோ 120, ஆக 180 ரூபாய். இது கிலோவுக்கு 300 விழுகிறது, 450 ரூபாய். 270 ரூபாய் கூடுதலாகப் போட்டுவிட்டு மாவு விலையை ஏற்றினால் டீச்சரம்மா அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார். ரசாயனம் படாத உணவு வேண்டும் என்பது உங்கள் கொள்கை என்றால் மாவிலும் இதையே போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ருசிக்காக, பொங்குவதற்காக என்றால் வேண்டியதில்லை.

வறுத்துப் பொடிக்கிறதில் இது எனக்குத் தோல்வி. குண்டும் ஒடிசலும் கலந்திருப்பதால் வாணலியில் சின்னது கருகுகிறது, பெரியது இன்னும் மஞ்சளாக நிற்கிறது. கருகின வெந்தயம் நாலு இருந்தால் போதும், புளிக்குழம்பு கசாயமாகிவிடும். அடுப்பைக் குறைத்து, கையை எடுக்காமல் வறுத்தால் வரும். ஆனால் யாருக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது.

வெந்தயக் களியில்தான் இது வேலையைக் காட்டியது. நாத்தனார் மகள் பெரிய மனுசியாகி வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம். புழுங்கலரிசியையும் வெந்தயத்தையும் ஊறவைத்து, மைய ஆட்டி, அடிகனமான பாத்திரத்தில் ஊற்றிக் கிண்டி, நடுவில் குழி பறித்துக் கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கொடுத்தோம். கிண்டும்போதே தாவாரம் வரைக்கும் வாசம். களியில் வெந்தயம் நிறையப் போடுகிறோம், வேறு எதுவும் அதை மறைக்கிறதில்லை, அதனால் பழசு புதுசு பச்சையாகத் தெரிந்துவிடுகிறது. அத்தை இரண்டாவது தரம் வட்டலை நீட்டினார். விலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

இனி முளை. இதற்குத்தான் இந்தப் பாக்கெட்டை நான் மறுபடி வாங்கினேன், இதில்தான் ஏமாந்தும் போனேன்.

முதலில் எண்ணிப் பார்த்தேன். 100 மணி எண்ணி ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி வைப்பது, மூன்றாம் நாள் பிரித்து முளைத்ததை எண்ணுவது. விவசாயம் செய்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. அப்புச்சி சோளத்துக்கும் கம்புக்கும் இதைத்தான் செய்வார். மூன்று சுருட்டு வைத்தேன். இந்தப் பாக்கெட், மளிகைக் கடை, அப்புறம் அட்டாலியில், அதாவது பரணில், மூன்று வருடமாக மறந்து கிடந்த ஒரு டப்பா. பாக்கெட்டில் 95 முளைத்திருந்தது. மளிகைக் கடையில் 88. அட்டாலி டப்பாவில் 41.

88 என்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு விலை கொடுத்து ஏழு மணிதானா கூடுதல்? ஆனால் முளைகட்டுகிறவர்களுக்கு அந்த ஏழு பெரிய விசயம். முளைக்காத மணி சும்மா இருக்காது. ஊறி, கொழகொழத்து, அழுகி, பக்கத்தில் இருக்கிற நல்லதையும் நாற அடிக்கும். மளிகைக் கடை வெந்தயத்தை முளைகட்டினால் இரண்டாம் நாள் பொழுதோட ஒரு புளித்த வாடை வரும் எனக்கு. இதில் மூன்றாம் நாள் வரைக்கும் வாடை இல்லை.

என் முறை இது. ராத்திரி 50 கிராம் ஊறப்போடுவேன். காலையில் தண்ணீர் தேன் நிறத்தில், விளக்கெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருக்கும். அதை வடித்துவிட்டு மூன்று நான்கு தண்ணீரில் அலச வேண்டும். பச்சைப்பயிறு, கொள்ளுக்கு ஒரு அலசல் போதும். வெந்தயத்துக்குப் போதாது, வழுவழுப்பு மிச்சமிருந்தால் காற்றுப் போகாமல் கெட்டுவிடும். பழைய வெள்ளை வேட்டித் துண்டில் கட்டித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் அலசுவேன். அடுத்த நாள் வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். அதற்கடுத்த நாள் விரல்கடை நீளம். 50 கிராம் போட்டது 170 கிராமாக வந்தது, எடைத் தட்டில் வைத்துப் பார்த்தேன். போர்த் தண்ணீரில் அலசியதைவிடக் குடிதண்ணீர்க் குழாயில் வருகிற பவானித் தண்ணீரில் அலசியது வெள்ளையாக வந்தது. கசப்பு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறையும். போகாது.

இங்கே ஒரு விசயம் சொல்லியாக வேண்டும், இயற்கை என்றால் எதுவும் செய்யாது என்று நினைக்கிறவர்களுக்கு. 2011இல் ஜெர்மனியில் முளைப்பயிர் சாப்பிட்டவர்களுக்கு ஈ கோலை கிருமி தொற்றி ஐம்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தேடிப் போனதில், எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையைத்தான் காரணமாகக் காட்டினார்கள். முளைகட்டி விற்ற பண்ணையும் ஒரு இயற்கைப் பண்ணைதான். முளை வருவதற்கு என்ன வேண்டுமோ, ஈரமும் கதகதப்பும், அதுவே கிருமிக்கும் வேண்டும். விதையில் ஒட்டிக்கொண்டு வந்தது துணிக்குள் பெருகிவிடும். அதனால் எங்கள் வீட்டில் முளைவெந்தயத்தைப் பச்சையாக யாருக்கும் கொடுப்பதில்லை. நன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் வேகவைத்து, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, வரமிளகாய் தாளித்து, தேங்காய்ப்பூப் போட்டு இறக்குவேன். இல்லையென்றால் புளிக்குழம்பில் போட்டுவிடுவேன். வறுத்த வெந்தயத்தில் கசாயமான அதே குழம்பு முளைவெந்தயத்தில் இரண்டு நாளைக்கு வந்தது. ஊறவும் முளைக்கவும் பாக்கெட்டில் ஆலோசனை எழுதியிருக்கிறவர்கள், வேகவைத்துச் சாப்பிடுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அதற்குப் பதிலாக எழுதியிருந்தது என்ன தெரியுமா? சர்க்கரையை விரட்டுமாம். எங்கள் வீட்டுக்காரருக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை. அதைப் படித்துவிட்டு மனுசன் தினமும் ஒரு கிண்ணம் கேட்க ஆரம்பித்தார், மாத்திரையைப் பாதியாக்கலாமா என்றும் ஒரு நினைப்பு. டாக்டரிடம் கூட்டிப் போனேன். சாப்பிடலாம், சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும், ஆனால் மாத்திரை மாத்திரைதான், இரண்டும் சேர்ந்து ரொம்ப இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். விசயம் அதோடு முடியவில்லை. பத்து நாள் கழித்து அவர் சட்டையைத் துவைக்கப் போட்டால் வெந்தய வாசம். நான் எங்கோ கொட்டிவிட்டேன் என்று நினைத்தேன். வெந்தயத்தின் வாசனைக்குக் காரணமான சோட்டோலோன் என்கிற பொருள் வேர்வையிலும் சிறுநீரிலும் வெளியே வருமாம். வெளிநாட்டில் தோசை மாதிரி ஒன்றின் மேல் ஊற்றிக்கொள்கிற மேப்பிள் பாகின் வாசமும் அதை ஒத்ததுதானாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் “ஏனுங், ஊறுகாய் ஏதாச்சும் கொண்டுட்டுப் போறீங்களா?” என்று கேட்டதற்குப் பிறகு வாரம் இரண்டு தரம் என்று குறைத்துக்கொண்டார்.

தோட்டத்துக்கு வருகிறேன். பொடக்காளியில் எனக்கு 6 அடிக்கு 3 அடியில் ஒரு பாத்தி உண்டு. செம்மண், ஆட்டுப் புழுக்கை போட்டது. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று ஊரே சொல்கிறதே என்று ஆடியிலேயே 25 கிராம் விதைத்தேன். நான்காம் நாள் பச்சைக் கம்பளம் மாதிரி எழுந்தது. எனக்கு ஒரே பெருமை. காற்றுக் காலம், மண் சீக்கிரம் காய்கிறதே என்று காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். பத்தாம் நாள் பாத்தியின் நடுவில் ஒரு வட்டலளவுக்குச் செடிகள் படுத்துவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் தூர் பழுப்பாகி நூலாக இருந்தது. வேரழுகல். ஒரு வாரத்தில் பாதிப் பாத்தி போய்விட்டது, மிச்சத்தைக் கோழி கிளறியது. இதற்கு விதையைக் குறை சொல்ல மாட்டேன். பட்டம் தப்பு, தண்ணீர் தப்பு. ஆடிப்பட்டம் அவரைக்கும் சோளத்துக்கும் சரி, குளிர் கேட்கிற வெந்தயத்துக்கு இல்லை.

ஐப்பசிக் கடைசியில் மறுபடி. இந்தத் தடவை மேட்டுப்பாத்தி, மழைத் தண்ணீர் நிற்காத மாதிரி. வேளாண்மை ஆபீஸில் ட்ரைக்கோடெர்மா விரிடி வாங்கி வந்து, விதையில் கொஞ்சம், எருவில் கொஞ்சம் கலந்தேன். இயற்கை விவசாயத்தில் அனுமதிக்கப்பட்ட பூஞ்சாணம்தான் அது, அழுகலைக் கட்டுப்படுத்தும். விதையை வீசாமல் சாண் இடைவெளியில் கோடு கிழித்து வரிசையாகத் தூவினேன். மழை இருந்ததால் நான் பூவாளியைத் தொட்டதே மூன்று நாலு தரம். 24ஆம் நாள் அறுத்தேன். வேரோடு பிடுங்காமல் இரண்டு விரல்கடை விட்டு அறுத்ததால் மறுபடி தழைத்து இன்னொரு அறுப்பும் கிடைத்தது. பாசிப்பருப்பும் கீரையும் வேகவைத்துச் சட்டியில் கடைந்து, கம்மஞ்சோற்றோடு சாப்பிட்டோம். கடையில் வாங்குகிற கட்டுக்கீரையில் தண்டுதான் பாதி, இது இலை. பரியூர் குண்டம் தீமிதித் திருவிழாவுக்கு ஒறம்பரை வந்திருந்தபோது அரைத்த மாவில் இதையே நறுக்கிப் போட்டு அடை சுட்டேன், மாமா நாலு சாப்பிட்டார்.

கொஞ்சம் இலையை நிழலில் காயவைத்து, ஓட்டலில் குருமா மேல் தூவுகிறார்களே, கசூரி மேத்தி, அந்த மாதிரி வருமா என்று பார்த்தேன். வரவில்லை. அது வெந்தயத்தின் ஒன்றுவிட்ட தங்கை, வேறு செடி. என் காய்ந்த இலைக்கு வைக்கோல் வாசம்தான் வந்தது. லத்தீனில் வெந்தயத்தின் பேரிலேயே ‘கிரேக்க வைக்கோல்’ என்று வைத்திருக்கிறார்களாம், பேர் வைத்தவர் என்னை மாதிரி காயவைத்துப் பார்த்திருப்பார் போல.

ஓரத்து வரிசையில் 30 செடியை அறுக்காமல் விட்டேன். வெளிர் மஞ்சளில் சின்னப் பூ. அப்புறம் கொக்கு மூக்கு மாதிரி நீண்டு வளைந்த காய், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து மணி. அறுத்த செடிகளைப் பிடுங்கியபோது வேரில் கடுகளவு முண்டுகள் இருந்தன. நகத்தால் கிள்ளினால் உள்ளே ரோஸ் நிறம். அவரை, கொள்ளு வகையறாவைச் சேர்ந்ததுதானே வெந்தயமும், காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் வைக்கிறது. அதே பாத்தியில் இப்போது கத்தரி நிற்கிறது, எரு போடாமலே கருகருவென்று இருக்கிறது. தை முடியும்போது காய் பழுத்துச் செடி மஞ்சளானது. கோணிச் சாக்கில் போட்டுத் தட்டித் தூற்றினேன். 80 கிராம். என் கையால் விளைந்த வெந்தயம். அதையும் 100 எண்ணி முளைக்கப் போட்டேன், 97.

பண்ணாரி குண்டம் முடிந்த வாரம் கையிலிருந்தது தீர்ந்து, அதே கடையில் அதே பாக்கெட்டை வாங்கினேன். அதே படம், அதே முத்திரை, இந்த மாதம் நிரப்பியது என்று தேதி. வழக்கம்போல முளைகட்டினேன். மறுநாளே வாடை. 100 எண்ணிப் போட்டேன், 68. தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

“தம்பி, தேதி புதுசா இருக்குது, வெந்தயம் பழசா இருக்குதே?”

“அப்படி இருக்காதுங்களேக்கா, போன வாரம் வந்த பாக்கெட்டுங்க.”

“பாக்கெட் போன வாரத்ததுதான். உள்ள இருக்கறது எப்ப அறுத்தது?”

அவனுக்கு அது தோன்றவே இல்லை. போனைப் போட்டுக் கேட்டான். போன வருடத்து மூட்டை, மழைக்காலம் பூராவும் குடோனில் கிடந்தது, இப்போது நிரப்பியிருக்கிறார்கள். அதில் சட்டப்படி தப்பில்லை. போட்டிருப்பது நிரப்பின தேதி, அறுத்த தேதி இல்லை. வடக்கே ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து, பங்குனி, சித்திரையில் அறுக்கிறார்கள். ஆக நான் ஆடியில் வாங்கியது புதுச்சரக்கு, பங்குனியில் வாங்கியது வருடக் கடைசி அடிமூட்டை. சமையலுக்கு அது ஒன்றும் செய்யாது, களியில்கூடப் போட்டுவிடலாம். முளைகட்ட, விதைக்க என்று பாக்கெட்டில் அச்சடித்துவிட்டு 68 முளைக்கிற சரக்கைக் கொடுத்தால் மூன்றில் இரண்டு சொல் பொய். தம்பி மறுபேச்சுப் பேசாமல் 75 ரூபாயைத் திரும்பக் கொடுத்தான், பாக்கெட்டையும் நானே வைத்துக்கொள்ளச் சொன்னான். அதை மாவில் போட்டுத் தீர்த்தேன். நன்றாகத்தான் பொங்கியது.

வாங்கலாமா என்று கேட்டால்: வைகாசிக்கு மேல், ஆடி, ஆவணி வரைக்கும் வாங்குங்கள், முளைக்கும் கீரைக்கும் களிக்கும் 75 ரூபாய் தகும். வாங்கினதும் 100 எண்ணிப் போடுங்கள்; 90க்குக் கீழே என்றால் தயங்காமல் திரும்பக் கொண்டுபோய்க் கொடுங்கள். மை மாதிரி பொடித்து ஊறுகாய்க்கும் சாம்பாருக்கும் போடுகிறவர்கள், தாளிப்பில் நாலு மணி போடுகிறவர்கள் மளிகைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். கல்லைப் பார்த்துப் புடைப்பது எல்லோருக்கும் பொது.

நான் வாங்குகிற எண்ணத்தில் இல்லை, என்னுடைய 80 கிராம் இருக்கிறதே என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, கூடவே இரண்டு வேப்பிலை போட்டு, ஐப்பசிக்கென்று சீட்டு ஒட்டி அட்டாலியில் வைத்திருந்தேன். போன வாரம் எடுத்தால் அடியில் ஒரு விரல்கடைதான் கிடக்கிறது. அத்தையைக் கேட்டேன்.

“வைகாசியில மாங்கா ஊறுகா போட்டமல்லொ, அதுக்கு வறுத்தேன் அம்மிணி. நல்ல வெந்தயம். எந்தக் கடையில வாங்குன?”

நாளைக்குச் சத்தி ரோட்டுக்குப் போக வேண்டும்.